லேபிள் தப்பு என்றால் லேபிளைத் திருத்தச் சொல்லுங்கள்

லினக்ஸ் சர்வரில் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று பார்க்கும் காவல் எஸ்ஈலினக்ஸ். ஃபைலில் ஒட்டியிருக்கும் லேபிளை (வகைக் குறியை) வைத்து அது முடிவு செய்யும். அது ஒரு ஃபைலைத் தடுத்தால், வழி சொல்ல வரும் கருவி முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபைலின் லேபிளை. லேபிள் சரிதானா என்று தெரியாமல் அனுமதியைத் திறந்துவிடும் கமாண்டை அது யார் கையிலும் கொடுக்கக் கூடாது. மண்ணடி, தம்பு செட்டித் தெரு பக்கம் நான் பார்த்துக்கொடுக்கும் சர்வர்களில் இதே கோளாறு திரும்பத் திரும்ப வருவதால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் நின்றது. அதையொட்டி இங்கே நான் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள் (துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்ப்பவை) அல்மா, ராக்கி என்ற வேறு லினக்ஸ்களுக்கு மாறின. பழைய சர்வரில் யாரோ எஸ்ஈலினக்ஸை அணைத்து வைத்திருந்தார்கள். புதியதில் அது நிறுவும்போதே முழு வேகத்தில் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது வியாசர்பாடியிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வரும், டிப்ளமோ முடித்த பிள்ளைகள். பிரிண்டர், கேபிள், சர்வர் எல்லாம் ஒரே ஆள் தலையில்.

அப்படி ஒருவன் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) ஸ்கேன்களை வைக்க ரூட்டுக்கு நேர் கீழே ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் போடுகிறான். வெப்சைட் காட்டும் புரோகிராமான அப்பாச்சியை அங்கே திருப்புகிறான். 403, அதாவது ‘அனுமதி இல்லை’. "அண்ணா, பர்மிஷன் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா வரல" என்று போன். அவன் பின்னால் முதலாளி நிற்கிறார், மணலியில் கன்டெய்னர் பெட்டி நிற்கிறது, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறது. அந்த நேரத்தில் திரையில் வருவதை அவன் அப்படியே ஒட்டுவான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். திரையில் என்ன வருகிறது என்பதுதான் என் கேள்வி.

எஸ்ஈலினக்ஸ் தடுத்ததற்கு வழி சொல்லும் கருவிதான் சீஅலர்ட், அதை ஓட்டிப் பாருங்கள். இந்த மாதிரி இடத்தில் இரண்டு யோசனை வரும். லேபிளை மாற்று என்பது முதலாவது, பக்கத்தில் 83.8 என்று நம்பிக்கை அளவு. உள்ளூர் பாலிசி மாட்யூல் (எஸ்ஈலினக்ஸ் விதிகளோடு சேரும் புது அனுமதி விதி) செய்து அனுமதித்துவிடு என்பது இரண்டாவது, 17.1. சரி, வரிசை சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முதல் யோசனையில் லேபிள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ‘கீழே உள்ளவற்றில் ஒன்றைப் போடு’ என்று சொல்லி, திரை நிரம்ப வகைப் பெயர்களைக் கொட்டுகிறது. எது வேண்டும் என்று புதிதாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது யோசனையில் நிரப்ப எதுவும் இல்லை. மாட்யூலை எழுத ஆடிட்2அலோ ஒரு வரி, ஏற்ற செமாட்யூல் ஒரு வரி, காப்பி பேஸ்ட், முடிந்தது. சரியான வழியை அரைகுறையாகவும் தவறான வழியை முழுசாகவும் கொடுத்தால் அவசரத்தில் இருப்பவன் எதை எடுப்பான்?

எடுத்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் கருவி சொல்வதே இல்லை. அந்த ஃபோல்டருக்கு வந்திருப்பது ‘டீஃபால்ட்_டி’ என்ற லேபிள். எந்த விதியிலும் சேராத இடங்களுக்கெல்லாம் விழுவது அது. அந்த மாட்யூலை ஏற்றினால் திறப்பது ஒரு ஃபோல்டர் மட்டும் இல்லை. நாளைக்கு அதே லேபிளோடு வரும் எந்த ஃபைலையும் அப்பாச்சி படிப்பதை எஸ்ஈலினக்ஸ் தடுக்காது. ரீபூட் செய்தாலும் போகாது. பேப்பர் தப்பாக இருக்கும் கன்டெய்னர் கேட்டில் நின்றால் பேப்பரைத்தான் திருத்துவோம், கேட்டைக் கழற்ற மாட்டோம்.

இன்னொன்று, அந்த நம்பிக்கை எண். சீஅலர்ட்டின் ஒவ்வொரு யோசனையும் ஒரு பிளக்இன்னிலிருந்து வருவது. வேறு எந்த பிளக்இன்னும் பொருந்தாதபோது மாட்யூல் வழி சொல்லும் ‘கேட்ச்ஆல்’ மட்டும் மிஞ்சும். அப்போது அதன் பக்கத்தில் 100 என்று வருகிறது. போட்டிக்கு வேறு யோசனை இல்லை என்பதால் வரும் 100 அது. படிப்பவன் கருவி நூறு சதவீதம் உறுதியாகச் சொல்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வான். காரணம் தெரியாத இடத்தில் எண்ணே போடக் கூடாது. ‘காரணம் தெரியவில்லை, அனுமதிக்கும் முன் விசாரி’ என்று எழுதலாமே.

நியாயமாகச் சொன்னால் சில இடத்தில் கருவி நன்றாகவே செய்கிறது. ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி கமாண்ட் போட்டு நகர்த்திய ஃபைல் பழைய லேபிளோடுதான் வரும் (சிபி போட்டு நகலெடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் வந்திருக்கும்). அதைக் கண்டுபிடித்து இடத்துக்குரிய லேபிளைத் திரும்பப் போடும் ரீஸ்டோர்கானை ஓட்டு என்று தெளிவாகச் சொல்கிறது. அருமை. ஆனால் அதற்குக் கீழேயே மாட்யூல் வழியையும் அச்சிடுகிறது. எதற்கு? லேபிள் தப்பு என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அந்த வரிகளே வரக் கூடாது.

டேட்டா ஃபோல்டர் விஷயத்திலும் வழி கடினமில்லை. தடுக்கப்பட்டது அப்பாச்சி என்பதும் கேட்டது படிக்க மட்டும்தான் என்பதும் கருவிக்கு ஆடிட் லாகிலேயே தெரியும். அப்படியானால் ‘இந்த ஃபோல்டர் வெப்சைட்டுக்கானதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். ஆமாம் என்றால் இந்தப் பாதைக்கு இந்த லேபிள் என்று விதியாகப் பதியும் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வரியைப் பாதையும் லேபிளும் நிரப்பி, அடுத்து ரீஸ்டோர்கான் வரியோடு கொடுக்கட்டும். விதியில் பதியாமல் லேபிளை மட்டும் மாற்றும் சிஎச்கான் வேண்டாம். விதிப்படி லேபிள்களைத் திரும்பப் போடும் அடுத்த ரீலேபிளில் அது அழிந்துவிடும், ராத்திரியில் மறுபடி போன் வரும்.

இப்போது பிள்ளைகள் ஏஐ-யிடமும் கேட்கிறார்கள். செட்என்ஃபோர்ஸ் 0 போடு (எஸ்ஈலினக்ஸ் தடுப்பதையே நிறுத்துவது), சிஎச்மோட் 777 போடு (எல்லோருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுப்பது) என்று பதில் வந்ததாகக் காட்டுகிறார்கள். கர்னல் சாதாரண பர்மிஷனை முதலில் பார்க்கும், அதைத் தாண்டினால்தான் எஸ்ஈலினக்ஸிடம் வரும். லாகில் ஏவிசி மறுப்பு (எஸ்ஈலினக்ஸ் தடுத்ததன் பதிவு) விழுந்திருக்கிறது என்றாலே பர்மிஷன் தாண்டியாயிற்று. 777 அங்கே எதையும் சரிசெய்யாது, கதவை மட்டும் திறந்து வைக்கும். இந்தப் பதில்களைத் தயார் செய்கிறவர்கள் ‘லேபிளைக் காட்டும் எல்எஸ் மைனஸ் இசட் போட்டு வருவதைக் காட்டு’ என்று முதலில் கேட்கும்படியாவது செய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் உங்கள் சர்வரில் ஏற்றியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் செமாட்யூல் -எல் ஓட்டிப் பாருங்கள். ‘மை-’ என்று தொடங்கும் மாட்யூல் இருந்தால் அது பெரும்பாலும் இப்படி ஒட்டியதுதான். எந்த ஃபோல்டருக்காகப் போட்டது என்று விசாரித்து, அந்த ஃபோல்டருக்குச் சரியான லேபிளைக் கொடுத்துவிட்டு, செமாட்யூல் -ஆர் போட்டு (ஏற்றிய வரியில் -எக்ஸ் 300 இருந்திருந்தால் அதையும் சேர்த்து) எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எடுக்கும் முன் கமென்ட்டில் கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.