பாட்டி வேஷத்தில் சித்தி

(சேலம், பொன்னம்மாபேட்டை. ஞாயிறு காலை. குழிக்குள் கால் வைத்து நெய்யும் கைத்தறியான குழித்தறியின் பழைய நெசவுக்காரர்களைப் பேச வைத்துப் பதிவு செய்ய வார்டு வாசகசாலை ஆள் சேர்க்கிறது. கார்த்தி பேர் கொடுத்துவிட்டான். அங்கன்வாடியில் வீடுவீடாகக் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற சித்தி, ஒத்திகைக்காக நெசவுக்காரப் பாட்டியாகித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.)

கார்த்தி: வணக்கம் பாட்டி. ஒரு ஆய்வு சம்பந்தமா வந்திருக்கேன்.

சித்தி: போன வாரமே கட்டியாச்சே. ரசீது இருக்கு.

கார்த்தி: கடன் இல்ல பாட்டி, ஆய்வு.

சித்தி: வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்ல. அப்புறம் வா.

கார்த்தி: சித்தி!

சித்தி: என்னடா சித்தி? தோள்ல பை, கையில அட்டை, கழுத்துல கயிறு. குழுக்கடன் வசூலுக்கு வர்றவன் மாதிரியே நிக்கற. யார் வீட்டுப் பையன், யார் அனுப்பினது, எதுக்கு, எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடறதுக்குள்ள சொல்லு.

கார்த்தி: பின்னாடி சந்துல தையக்கடைக்காரர் பையன். வாசகசாலையில இருந்து வர்றேன். குழித்தறி வேலை எப்படி நடந்துச்சுன்னு பதிவு பண்ணி வெக்கறோம். ஒரு மணி நேரம் ஆகும்.

சித்தி: பேசினா எனக்கு என்ன கிடைக்கும்?

கார்த்தி: கவர்மெண்ட்ல சொல்லி ஏதாச்சும்...

சித்தி: அடப்பாவி! கொடுக்க முடியாததைச் சொன்னீன்னா அந்தத் தெருவுல உனக்கு அப்புறம் போற பிள்ளைக்குத்தான் அடி விழும். "பணம் எதுவும் கிடைக்காது பாட்டி, பதிவை உங்க பேரன் போனுக்கு அனுப்பி வெக்கறேன்"னு உள்ளதைச் சொல்லு. எப்போ போறதா இருக்க?

கார்த்தி: காலையில பதினோரு மணிக்கு.

சித்தி: தறி ஓடற நேரம். ஒரு மணி நேரம் அவங்களை எழுப்பினா அத்தனையும் அவங்க கூலி. பல வீட்டுல அமாவாசைக்குத் தறியில உட்கார மாட்டாங்க, அன்னைக்குப் போ. மழை நாள்லயும் குழியில தண்ணி ஊறித் தறி நின்னிருக்கும், ஆனா பொழப்பு போச்சேன்னு முகம் வாடியிருக்கும். நிலவரம் பாத்துட்டு வாயைத் திற.

கார்த்தி: சரிங்க பாட்டி. பதிவு பண்ணட்டுங்களா?

சித்தி: அதென்ன, தலையாட்டுற மாட்டுக்கிட்ட கேக்கற மாதிரி? பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவுல நிறுத்தலாம், பின்னாடி மனசு மாறினா அழிக்கச் சொல்லலாம். இதைச் சொல்லிட்டுக் கேளு. பேரு போடலாமா வேண்டாமான்னும் கேளு. போனை அமுத்தின பிறகு இன்னொருக்கா கேளு, சம்மதமும் பதிவுல இருக்கட்டும்.

கார்த்தி: (போனைத் திண்ணையில் வைத்துத் தட்டுவடை செட்டை எடுக்கிறான்) அமுத்தியாச்சு.

சித்தி: என்ன பதிவாகும் தெரியுமா? உன் பல்லு சத்தம். கொடுக்கறதை வேண்டாம்னு சொல்லாத, ஆனா தின்னு முடிச்சுட்டு அமுத்து. ஏரோபிளேன் மோடு போட்டியா? நடுவுல உன் ஃப்ரெண்டு கூப்பிட்டா சில போன்ல பதிவு அங்கேயே நின்னுடும். துண்டை மடிச்சு அதுமேல போனை வை, தட்டற சத்தம் ஏறாது. ஃபேனுக்கு அடியில வேண்டாம். பக்கத்துல விசைத்தறி ஓடினா இடத்தை மாத்து. அரை நிமிஷம் பேசவிட்டுப் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் ஆரம்பி.

கார்த்தி: முதல் கேள்வி. கைத்தறி நலிஞ்சதுக்கு விசைத்தறிதானே பாட்டி காரணம்?

சித்தி: ஆமா.

கார்த்தி: (காத்திருக்கிறான்) அவ்வளவுதானா?

சித்தி: பதிலை நீயே சொல்லிட்ட, நான் எதுக்கு? அடுத்து.

கார்த்தி: எப்போ நெய்ய ஆரம்பிச்சீங்க, யார் சொல்லிக்கொடுத்தாங்க, அந்த வேலை பிடிச்சிருந்துச்சா?

சித்தி: பிடிச்சுது.

கார்த்தி: மத்த ரெண்டு?

சித்தி: மூணைச் சேத்துக் கேட்டா கடைசியாக் கேட்டதுதான் காதுல நிக்கும். ஒவ்வொண்ணாக் கேளு. மணி நேரத்துக்கு எட்டு, பத்து கேள்வி போதும். அதையும் படிக்காத, பாத்து வெச்சுக்க.

கார்த்தி: உங்க வாழ்வாதாரச் சூழல் பத்தின உங்க பார்வை...

சித்தி: பார்வைக்குத்தான் கண்ணாசுபத்திரி போயிட்டு வந்தேன்.

கார்த்தி: (பெருமூச்சு) நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து தறியில உட்கார்ற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க?

சித்தி: இது கேள்வி! ஆனா வீட்டுக்காரரை மட்டும் கேட்டா முக்காவாசி போயிடும். பொம்பளைகிட்ட "நீங்களும் நெசவா"ன்னு கேளு, "நான் வீட்டுல சும்மாதான்"னுவா. நேத்து என்ன பண்ணீங்கன்னு கேளு, குறுக்கு நூலைக் குச்சியில ஏத்தித் தார் சுத்துனது, இழை எடுத்துக் கொடுத்தது எல்லாம் வரும். அதுக்குத் தனிக் கூலியே கிடையாது.

கார்த்தி: வருமானம் மாசம் எவ்வளவுன்னு கேக்கலாமா?

சித்தி: கடைசியில கேளு. மாசத்துக்கு இல்ல, தறியில நீளவாக்குல ஏத்தற நூல், அந்தப் பாவு ஒண்ணுக்கு எத்தனை சேலை, சேலைக்கு என்ன கூலி, பாவு ஏத்தி அறுக்க எத்தனை நாள்னு கேளு. மாசக்கணக்கை நீ போட்டுக்கலாம். வருஷம் கேட்டா ஆகாசத்தைப் பாப்பாங்க. எம்.ஜி.ஆர். இறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளு, 1987 பிடிபடும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997. பணம் செல்லாதுன்னது 2016.

கார்த்தி: அவங்க பேசாம இருந்தா?

சித்தி: நீயும் இரு. மனசுக்குள்ள ஏழு எண்ணு. அதுக்குள்ள "கஷ்டமா இருந்திருக்கும்ல பாட்டி"ன்னு முந்திக்காத. எங்க, கேளு பாக்கலாம்.

கார்த்தி: கல்யாணமாகி வந்த வீட்டுல தறிக்கூடம் எப்படி இருந்துச்சு?

சித்தி: இருந்துச்சு.

(கார்த்தி வாயை இறுக்கிக்கொள்கிறான். உதடு மட்டும் எண்ணுகிறது.)

சித்தி: ... ரெண்டு குழித்தறி. மாமியார் தாரை எண்ணித்தான் கொடுப்பாங்க. சாயங்காலம் ஒண்ணு குறைஞ்சா சோத்துல தெரியும்.

கார்த்தி: சோத்துல தெரியும்?

சித்தி: குழம்பு இருக்கும், காய் இருக்காது. ஒருநாள் நான் என்ன பண்ணேன் தெரியுமா... (குரல் தாழ்கிறது, நாலு நிமிஷம் விடாமல் பேசுகிறார்)... உன் சித்தப்பனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

கார்த்தி: ஆஹா! இதை ஒரு மணி நேரத்துல எழுதிடறேன்.

சித்தி: ஒரு மணி நேரப் பேச்சைச் சொல் விடாம எழுத நாலஞ்சு மணி நேரமாவது ஆகும். ராத்திரியே ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வை. அவங்க வீட்டு மொழி சௌராஷ்டிராவுல முணுமுணுத்தா "புரியல"ன்னு நிமிஷத்தோட குறிச்சுட்டு, வீட்டாளுங்ககிட்டயே கேட்டுக்க. "சோத்துல தெரியும்"ங்கறதை "உணவு மறுக்கப்பட்டது"ன்னு எழுதினா கையை ஒடிப்பேன். (திடுக்கிட்டு) டேய், அது ஓடிட்டா இருக்கு?

கார்த்தி: நீங்கதான் அமுத்தச் சொன்னீங்க.

சித்தி: அழி.

கார்த்தி: சித்தி, அதுதான் நல்ல இடமே! பேரு போடல, "பாட்டி ஒருவர்"னு...

சித்தி: இந்தத் தெருவுல தாரை எண்ணிக் கொடுத்த மாமியார் ஒருத்திதான், பேரு எதுக்கு? மனசு மாறிடுச்சு, அழி.

கார்த்தி: (அமுத்துகிறான்) அழிச்சாச்சு.

சித்தி: "சமீபத்தில் அழித்தவை"ன்னு ஒரு மூலை இருக்குமே, அதையும் திற.