சீனியர் புரொபசர் வேலைக்கு நெட் மட்டும் போதாது

“பண்டைய இந்திய வரலாற்றில் எம்.ஏ., நெட் இருந்தாலே சீனியர் புரொபசர், முன்பணம் கட்டினால் சீட் உறுதி” என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்ங்க.

நெட் என்பது உதவிப் பேராசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. பேராசிரியருக்கும் மேலான பதவியான சீனியர் புரொபசர் ஆக, யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி, பேராசிரியராகவோ அதற்கு இணையான பதவியிலோ குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், அதோடு தரமான ஆய்வுக் கட்டுரைகளும், கடந்த 10 ஆண்டில் நம் வழிகாட்டலில் 2 பேராவது முனைவர் பட்டம் வாங்கியிருப்பதும் அவசியம். சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தாலும் (அப்படி நம்மூரில் ஆள் உண்டு) இதெல்லாம் இல்லாமல் முடியாது.

இடங்களும் சொற்பம், அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடங்களில் 10 சதவீதம் வரைதான். அகில இந்திய அளவில் விளம்பரம் கொடுத்து, தேர்வுக் குழு வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். முன்பணம் கேட்டால் சைபர் கிரைம் எண் 1930க்குச் சொல்லுங்கள்.