பிள்ளை இறந்து பிறந்தாலும் பிரசவ லீவு உண்டு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "புள்ள செத்துப் பொறந்தா பிரசவ லீவு கெடையாது, எம்சி (மருத்துவ லீவு) மட்டுந்தான். அதப்பத்திப் பேசவும் கூடாது, அடுத்தது தங்காது."

முதல் பாதி தவறு. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பிரசவம் என்றால் குறைந்தது 22 வாரக் கர்ப்பத்துக்குப் பின் பிள்ளை பிறப்பது. உயிரோடு பிறந்தாலும் சரி, உயிரில்லாமல் பிறந்தாலும் சரி. எனவே 98 நாள் லீவு அந்தத் தாய்க்கும் உண்டு. 2023 ஜனவரி 1-க்கு முன்பு அது 60 நாள். சில கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்) இன்னும் அந்தக் கணக்கிலேயே நிற்கிறார்கள். லீவுச் சம்பளத்துக்கு மட்டும் நிபந்தனை உண்டு: முந்தைய 9 மாதத்தில் 90 நாளாவது அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், உயிரோடுள்ள பிள்ளைகள் 5 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். 22 வாரத்துக்கு முன் கலைந்தால்தான் எம்சி. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். மறுத்தால் ஆள்பல (தொழிலாளர்) இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

உடம்புக்கும் அது பிரசவம்தான். இரண்டு மூன்று நாளில் பால் கட்டும். எதிர்வீட்டுப் பெண் ரவிக்கை நனைய உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேசினால் அடுத்தது தங்காது என்பதும் வெறும் பயம். தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. யார் வாயும் கண்ணும் அல்ல. இப்படிப் போன பிள்ளைகளை நினைக்கவே பல நாடுகளில் அக்டோபர் 15-இல் விளக்கேற்றுகிறார்கள்.

எங்கள் அம்மா எதிர்வீட்டுக்கு ரசச்சோறு கொண்டுபோய், "என்ன பேரு வச்சிருந்தீங்க, தாயி?" என்றார். அந்தப் பெண் பெயரைச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் குல்லாவை எடுத்துக் காட்டினார்.