ஆச்சி கேட்டது வண்டியை இல்லை

காரைக்குடியில் மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டதில்லை. டீக்கடையில் நிறுத்தினால் "பேட்டரி போச்சுன்னா எவ்வளவுப்பா?" என்பார்கள், அவ்வளவுதான்.

மானியம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 2023 ஜூனில் மத்திய அரசு மின்சார ஸ்கூட்டர் பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (யூனிட்டுக்கும்) 15,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததை 10,000 ஆக்கி, மானியத்தின் உச்சவரம்பையும் வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15-க்கு இறக்கியபோது, புக் பண்ண இருந்த என் மச்சான் சத்தமில்லாமல் பெட்ரோல் வண்டி எடுத்துவிட்டார். ஆனால் எங்கள் பக்கம் பாதி முடிவை எடுப்பது வீட்டுச் சுவர்.

எங்களுடையது ஐயா காலத்து வீடு. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் உண்டு, மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் மட்டும் கிடையாது. சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவே இல்லை. விற்ற ஷோரூமில் (பெயர் வேண்டாம்) இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து பின்கட்டில் குழி வெட்டி, பைப்பை இறக்கிக் கரியும் உப்பும் கொட்ட, எங்கள் ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏப்பா, ஊறுகாயா போடப்போற?" என்றது.

அப்புறம் மீட்டர். பங்காளிகள் எல்லாருக்கும் ஒரே மீட்டர். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். என் வண்டி குடிப்பது மாதம் 30 யூனிட் சொச்சம்தான், ஆனால் 500 தாண்டியது உன்னால்தான் என்று சித்தப்பா சொன்னால் என்ன பதில் சொல்வது? சார்ஜருக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டி, நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு அடங்கியது.

இன்னொரு வேடிக்கை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்து, 1953-இல் திறந்த செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்த ஊரில்தான் இருக்கிறது, அங்கே பேட்டரி ஆராய்ச்சியும் ஒரு பெரிய வேலை. அதே ஊரில் என் வண்டியில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் கோளாறு என்றதும் மதுரைக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது, பதினோரு நாள் பஸ்ஸில் போனேன். கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு என்ன சொன்னாலும், கைக்கெட்டும் தூரத்தில் மெக்கானிக் இல்லாத வண்டியை நம் ஆட்கள் தொடமாட்டார்கள், அதில் தப்பும் இல்லை.

போன வாரம் எதிர்வீட்டு ஆச்சி வந்தார். பேத்தி கல்லூரிக்குப் போக வண்டி வேண்டுமாம். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சப் மீட்டர் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வந்துட்டானா?" என்றார். புதுசாக ஒரு பையன் கடை போட்டிருப்பதைச் சொன்னேன்.

"சரி, எர்த் போட்டவன் நம்பரைக் கொடு."