எலியட் கவுண்டிக்காரர்களை ஏமாளிகள் என்று சொல்லாதீர்கள்

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் சாண்டி ஹூக் என்று ஒரு சிற்றூர். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். எலியட் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைமையிடம் அதுதான். கவுண்டி முழுவதையும் சேர்த்தாலே ஏழாயிரத்துச் சொச்சம் பேர். 1869இல் உருவான இந்தக் கவுண்டி, 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே ஜெயிக்க வைத்தது. 1972இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனபோதுகூட எலியட் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் பக்கம் நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் 2016இல் டிரம்ப் வாங்கியது 70 சதவீதம்.

அன்றிலிருந்து இந்த ஊரைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு காரணங்கள்தான் சொல்கிறார்கள். ஒன்று, நிறவெறி. இன்னொன்று, பாவம், படிக்காத ஜனங்கள், ஏமாந்துவிட்டார்கள் என்பது. இரண்டாவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

முதல் காரணத்தை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்களாக இருக்கும் இதே ஊர்தான் 2008இல் ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்தது. 2012இல் அது 49க்கு இறங்கியது, குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 47. ஆக, சரிவு டிரம்ப் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2016க்கு முந்தைய வருடங்களில் என்ன நடந்தது என்று கேட்காமல் 2016ஐ மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு.

ஜனநாயகக் கட்சிக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவு கொள்கைப் புத்தகத்தில் இல்லை, புகையிலைத் தோட்டத்தில் இருந்தது என்பது என் கருத்து. 1930களில் ரூஸ்வெல்ட் ஆட்சி கொண்டுவந்த விவசாயத் திட்டங்களின் வழியாகப் புகையிலைக்கு ஒதுக்கீடும் விலைப் பாதுகாப்பும் வந்தன. கொஞ்சூண்டு நிலம் வைத்திருப்பவரும் இவ்வளவு விளைவிக்கலாம், இதற்குக் கீழே விலை போகாது என்ற உறுதி. மலைச்சரிவில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு பிழைக்கும் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய தெம்பு! தாத்தா ஓட்டுப் போட்ட கட்சிக்குப் பேரனும் போட்டான் என்றால் அதற்குப் பின்னால் வீட்டுக்கு வந்த காசு இருந்தது. 2004இல் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறைக்கே முடிவு கட்டியது. இழப்பீட்டைப் பத்து வருடத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அதுவும் 2014இல் தீர்ந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் பக்கத்து ஆஷ்லாந்தில் எஃகு ஆலையின் ஊதுலையை நிறுத்தினார்கள். அந்த வட்டாரத்தில் கைநிறையச் சம்பளம் தந்த வேலைகளில் அதுவும் ஒன்று. பழைய உறவைப் புதுப்பிக்க ஜனநாயகக் கட்சி அதற்கப்புறம் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது? எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீடு வந்தது, உண்மை. கென்டக்கியில் லட்சக்கணக்கானவர்கள் அதனால் பயனடைந்தார்கள். ஆனால் வேலை போன இடத்தில் காப்பீடு மட்டும் போதாது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒரு விஷயம். டிரம்ப்புக்கு 70 சதவீதம் கொடுத்த அந்த நேரத்திலும் அங்கே பதிவு செய்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். முரண்பாடு போலத் தெரியும், ஆனால் காரணம் எளிது. கென்டக்கியில் ஒரு கட்சியின் முதற்கட்டத் தேர்தலில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்தான் ஓட்டுப் போட முடியும். ஷெரிஃப் (கவுண்டியின் காவல் அதிகாரி) யார், கவுண்டி நீதிபதி (பெயர்தான் நீதிபதி, உண்மையில் நிர்வாகத் தலைவர்) யார், சிறைக்காப்பாளர் யார் (அங்கே சிறைக்காப்பாளரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்) என்பதெல்லாம் எலியட்டில் காலங்காலமாக ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத்திலேயே முடிவாகிவிடும். வேறு கட்சியில் பதிவு செய்தால் சொந்த ஊர் விவகாரத்தில் குரலே இருக்காது. ஷெரிஃபுக்கு ஒரு கணக்கு, அதிபருக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்த்து ஓட்டுப் போடுகிறவரை எப்படி ஏமாளி என்பது?

ராக்கி அட்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டி ஹூக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் மாநில அவையில் இருந்தவர், அங்கே ஜனநாயகக் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். கருக்கலைப்பை எதிர்த்தவர். அவருடைய கட்சியும் வாஷிங்டனில் இருக்கும் கட்சியும் பெயரில் மட்டுமே ஒன்று. ஊர்க்காரர்கள் முதலாவதற்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே இரண்டாவதிலிருந்து விலகினார்கள். 2019இல் ஆளுநர் தேர்தலுக்கான முதற்கட்டத்தில் அவர் ஆண்டி பெஷியரிடம் தோற்று இரண்டாவதாக வந்தார். நவம்பரில் நடந்த இறுதித் தேர்தலில் எலியட் அதே பெஷியரை ஆதரித்தது. டிரம்ப் வென்று மூன்றே வருடம் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதனால்தான் அடுத்து நடந்ததைக் கட்சித் தலைமை உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். ஆளுநரான பெஷியர் அட்கின்ஸைத் தன் ஆலோசகராக்கிக்கொண்டார், அவருடைய தொகுதி காலியானது. 2020 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சி ஜெயித்தது. அந்த நவம்பரில் எலியட்டில் டிரம்ப்புக்கு விழுந்தது நான்கில் மூன்று பங்கு ஓட்டு.