ஏழைக்கும் வெட்டுப்புள்ளி

அஸ்வெசும, அதாவது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் குடுக்கிற உதவிப்பணம், கிடைக்கேல்லை எண்டு போட்ட மேன்முறையீடு தள்ளுபடி. காரணம்: கல்வீடு, ஓட்டுக்கூரை.

விளங்குதா? திருகோணமலையில சம்பூர்ப் பக்கத்து மனுசி. 2006இல சண்டைக்குள்ள உடுத்த உடுப்போட ஓடி, வருஷக்கணக்கா முகாமில கிடந்து, திரும்பி வந்த பிறகு உதவித்திட்டத்தில கிடைச்ச வீடு அது. ஓட்டுக்குக் கீழ இருக்கிற பானையைத் திறந்து பார்க்கிறதுக்கு அஸ்வெசும படிவத்தில கட்டம் இல்லை.

அதிகாரியின்ர மேசையில நடந்ததைக் கேளுங்க.

"கரண்ட் பில் கூடவா இருக்கே அம்மா?"
"பின்வளவுத் தகரக்கொட்டிலில மகள் குடும்பம். இங்கயிருந்துதான் வயர் இழுத்தது ஐயா."
"மீட்டர் ஒண்டுதானே? அப்ப யூனிட் முழுக்க உங்கட கணக்கு."
"அப்ப மகள்ட பிள்ளைகள் மூண்டையும் என்ர கணக்கில சேருங்க."
"அது எப்பிடி? அவங்க வேற குடும்பம். வேற விண்ணப்பம்."

யூனிட்டுக்கு ஒரே குடும்பம், வாய்க்கு ரெண்டு குடும்பம். பித்தாகரஸ் வந்தாலும் இந்தக் கணக்கில தலை சுத்தி விழுவார்.

"மோட்டார் சைக்கிள்?"
"மகன் வித்து மூண்டு வருஷம்."
"புத்தகம் ஆர்ட பேர்ல?"
"ஓப்பன் பேப்பரில குடுத்தது..."
"அப்ப உங்கடதான்."

வாங்கினவன் அதில கிண்ணியாவில மீன் ஏத்தித் திரியிறான். பெற்றோல் அவன்ட, சத்தம் அவன்ட, சொத்து மட்டும் இவட. பேர் மாத்தாமல் வாகனம் விக்கிறவங்க கவனம்: புத்தகம் உங்கட பேரில கிடக்கிற வரைக்கும் நீங்க பணக்காரர். மீட்டரையும் பிரிச்செடுங்க. அதுக்குக் கட்டக் காசு இருந்தா, நீங்க ஏழை இல்லை.

இது பிழையா நடந்ததெண்டு நினைக்காதீங்க. திட்டமே அப்பிடித்தான். கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப விபரம் எண்டு ஆறு பிரிவு, 22 சுட்டி. இண்டைக்கு அடுப்பு எரிஞ்சதா எண்டு தெரியாது. எப்பவோ வந்த ஓடும் சீமெந்தும்தான் தெரியும். 2023இல துவங்கேக்க இடங்களும் எண்ணி வச்சாச்சு: மிக வறியவர் 4 லட்சம் குடும்பம், மாதம் 15,000 ரூபா. வறியவர் 8 லட்சம், 8,500. அதுக்கு மேல பாதிக்கப்படக்கூடியவர் 4 லட்சம், 5,000. நிலைமாறும் வறியவர் இன்னொரு 4 லட்சம், 2,500. பல்கலைக்கழக அனுமதி மாதிரி வெட்டுப்புள்ளி. அதுக்கு முந்தின வருஷம் நாடே வங்குரோத்தாகி நடுத்தெருவில நிண்டது, ஆனா மிக வறியவருக்கு இருந்த சீற் 4 லட்சம்தான். மிச்சப் பேர் அடுத்த முறை நல்லாத் தயாராகி வந்து பட்டினி கிடக்க வேணும்.

எங்கட திருகோணமலைக்கு இந்த நையாண்டி புதுசில்லை. சீனன்குடாவில வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன எண்ணெய்த் தாங்கி 99. 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டு 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கொம்பனிக்கு, 61 ரெண்டும் சேர்ந்த கூட்டுக் கொம்பனிக்கு எண்டு பாகப்பிரிவினை முடிஞ்சுது. அதே வருஷம் ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87இல இருந்து 340க்கு ஏறிச்சு. மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சின் வள்ளங்கள் கரையில கவிழ்ந்து கிடக்க, 99 தாங்கியும் காட்டுக்குள்ள நிண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மாட்டக் கடைசியா, விண்ணப்பக் கொப்பி இன்னொண்டு வேணும் எண்டிருக்கிறாங்க. போட்டோக்கொப்பிக் கடையில பக்கத்துக்கு இருபது ரூபா. அடையாள அட்டை, பில், வங்கிப் புத்தகம், எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு. வறுமையை நிரூபிக்கிற செலவுக்கும் ஒரு கொடுப்பனவு வச்சா நல்லம்.

இன்னொண்டு. இந்த மான்களை ஆரும் கேக்க மாட்டீங்களா? கோட்டைக்குள்ள நிண்டதுகள் இப்ப ரவுண் முழுக்க. சொப்பிங் பேக்கோட சோத்துப் பார்சலையும் இழுத்துக்கொண்டு போகுது. அதுகளுக்கென்ன. படிவம் நிரப்பாமலே உடம்பு முழுக்கப் புள்ளி.