1913-ல் நுழைந்த மூன்று பெண்கள்

ஜப்பானின் டோஹோக்கு பல்கலைக்கழகம் 2024-ல் அரசின் சிறப்பு ஆராய்ச்சி நிதிக்கு முதலாவதாகத் தேர்வானதை, அதைப் பற்றிய உங்கள் தொடர் கட்டுரையின் இந்தப் பகுதி நன்றாக விளக்குகிறது. ஆனால் சென்டாய் நகரத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமையை நிதியிலிருந்தே தொடங்கியது எனக்கு வருத்தம்.

1913-ல் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிலேயே முதன்முறையாகப் பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது அதுதான். முன்னுதாரணம் இல்லாத செயல் என்று கல்வி அமைச்சகம் கடிதம் எழுதி விளக்கம் கேட்டது. பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. குரோதா சிக்கா, தாங்கே உமே, மாகிதா ராகு என்ற மூவரும் உள்ளே வந்தார்கள். தாங்கேவுக்கு அப்போது வயது 40! சின்ன வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பிற்பாடு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். குரோதா, ஊதாச் சாயம் எடுக்கும் ஒரு செடியின் வேரிலிருந்து ஷிகோனின் என்ற நிறமியைப் பிரித்து அதன் வேதியியல் அமைப்பை ஆராய்ந்தார். பிறகு குசும்பப்பூவின் சிவப்பு நிறமியையும் எடுத்துக்கொண்டார். பாட்டிமார் காலத்துச் சாயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்த அந்தத் துணிச்சலை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. நம் மொட்டை மாடிகளில் தூர்தர்ஷனுக்காகத் திருப்பித் திருப்பி வைத்தோமே, மீன்முள் போன்ற ஆன்டெனா, அது 1920-களில் அங்கே பணியாற்றிய யாகி, உதா இருவரின் ஆராய்ச்சியில் பிறந்தது. அடுத்த பகுதியில் இவர்களைப் பற்றியும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.